சி மொழிச் சர்வரில் ஒரு கருவிக்கான கட்டளை இன்னோர் இணைப்புக்குப் போகிறது: பல இழைகளுக்கு நடுவே வழுவை எப்படிப் பிடிப்பது?

கிடங்குக்காவலன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸில் சி மொழியில் நான் எழுதிய சர்வர் ஒன்று மூன்று வாரங்களாக என்னைத் திண்டாட வைக்கிறது. குளிர்பதனக் கிடங்குகளின் அறைகளில் உள்ள 40 வெப்பநிலைக் கருவிகள், சிம் கார்டு வழியாக இந்தச் சர்வருடன் டிசிபி இணைப்பு வைத்திருக்கின்றன. கருவிகள் அளவுகளை அனுப்பும். சர்வர் ஒவ்வொரு கருவிக்கும் 10 விநாடிக்கு ஒருமுறை ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சிறு செய்தியையும், தேவைப்படும்போது ‘இந்த அறையை இத்தனை டிகிரியில் வை’ என்ற கட்டளையையும் அனுப்பும். இவை தவிர அலுவலகத்தில் சில திரைகள் உள்ளன. அவை 5 விநாடிக்கு ஒருமுறை புதிதாக இணைந்து, நிலவரத்தைக் கேட்டுவிட்டு விலகிக்கொள்ளும்.

மெயின் செயற்கூறு, புதிய இணைப்பை ஏற்கும் அக்செப்ட் சுழற்சியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு இழைகள் (திரெட், அதாவது ஒரே நிரலுக்குள் தனித்தனியே ஓடும் வேலைகள்): ஒன்று ரிசீவில் காத்திருந்து படிக்கும், மற்றொன்று அந்தக் கருவிக்குரிய வரிசையில் செய்தி சேரும்வரை உறங்கி, சேர்ந்ததும் எடுத்து அனுப்பும். கட்டளைகளைப் பங்கிடும் இழை ஒன்று தனியாக இருக்கிறது. அது கருவிகளின் அட்டவணையைப் பார்த்து உரிய வரிசையில் கட்டளையைப் போடும்.

கிடங்குப் பகுதியில் மின்சாரம் ஓரிரு நிமிடம் போய்வந்தால் சிக்கல் தொடங்குகிறது. சில சமயம் உடனே, சில சமயம் கால் மணி நேரம் போலக் கழித்து, 12ஆம் கருவிக்குரிய கட்டளை 31ஆம் கருவிக்குப் போய்விடுகிறது, அல்லது அலுவலகத் திரையில் குப்பை எழுத்துகள் வருகின்றன. உருளைக்கிழங்கு அறைக்கான கட்டளை ஐஸ்கிரீம் அறைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு சில நாட்களில் சர்வர் ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றுவிடுகிறது. நிரல் செத்த நேரத்து நினைவகத்தைப் பதியும் கோர் கோப்புக்கான வரம்பை நீக்கிவைத்தும் கோப்பு எதுவும் விழவில்லை.

ஆங்காங்கே பிரின்ட்எஃப் போட்டுப் பார்த்தால் வழு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. பகிரப்படும் மாறிகளை வாலடைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்கச் சொல்லும் குறிப்பு) ஆக்கிப் பார்த்தேன், பயனில்லை. அலுவலகத்தில் நான்கு கருவிகளை மேசைமேல் வைத்து, ஜிடிபி என்னும் வழுநீக்கியின் கீழ் இரண்டு நாள் ஓட்டியபோது ஒருமுறைகூட வழு தலைகாட்டவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று வழிகாட்ட வேண்டுகிறேன்.

இழைநூற்பவர்

நீங்கள் ஒரே நோயாக எழுதியிருப்பது இரண்டு மூன்று நோய்கள் என்று தோன்றுகிறது. அவற்றைப் பிரிக்காமல் தேடினால், ஒன்றைச் சரிசெய்த பிறகும் ‘இன்னும் போகவில்லையே’ என்று செய்த திருத்தத்தையே எடுத்துவிடுவீர்கள்.

முதலில் சத்தமில்லாத சாவு. மறுமுனை மூடிவிட்ட இணைப்பில் எழுதினால், முதல் முறை கர்னல் (லினக்ஸின் உட்கரு) மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். மறுமுனையிலிருந்து ரீசெட் (இணைப்பை முறிக்கும் செய்தி) வந்தபின் மீண்டும் எழுதினால் ஈபைப் என்ற பிழையோடு சிக்பைப் என்ற சிக்னலும் வரும். அந்தச் சிக்னலைக் கையாளாத நிரல் அந்த இடத்திலேயே முடிந்துபோகும். அதன் இயல்பான விளைவு நிரலை முடிப்பது மட்டுமே, கோர் எழுதுவது அன்று. ஆகையால் கோப்பைத் தேடிப் பயனில்லை. நிரல் நின்றதும் ஷெல்லில் அதன் முடிவு எண்ணைக் கேளுங்கள். 141 என்று வந்தால் ஐயமே வேண்டாம்: 128உடன் சிக்பைப்பின் எண்ணாகிய 13 சேர்ந்தது அது. நிரலின் தொடக்கத்திலேயே அந்தச் சிக்னலைப் புறக்கணிக்கச் சொல்லிவிடலாம், அல்லது ஒவ்வொரு செண்ட் அழைப்பிலும் ‘நோ சிக்னல்’ என்னும் கொடியைக் கொடுக்கலாம். எதைச் செய்தாலும் அதற்குப்பின் செண்ட் தரும் விடையைப் பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் பார்க்கிறீர்களா என்பது கேள்வியில் இல்லை.

அடுத்து, அக்செப்ட் தந்த இணைப்பு எண்ணைப் புதிய இழைக்கு எப்படிக் கொடுக்கிறீர்கள்? மெயினில் இருக்கும் ஒரே மாறியின் முகவரியை, இழையை உருவாக்கும் பீதிரெட் கிரியேட்டுக்குக் கொடுத்திருந்தால், புதிய இழை விழித்து அந்த முகவரியைப் படிப்பதற்குள் மெயின் அடுத்த அக்செப்டை முடித்து அதே மாறியில் வேறு எண்ணை எழுதியிருக்கக்கூடும். அப்போது இரண்டு இழைகள் ஒரே இணைப்பைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு இணைப்பு கேட்பாரற்றுக் கிடக்கும். நான்கு கருவிகள் நிதானமாக இணையும்போது இது நடக்காது. மின்சாரம் வந்த நொடியில் நாற்பதும் ஒன்றாகக் கதவைத் தட்டினால் நடக்கும்.

பிரின்ட்எஃப் வழுவை மறைப்பதில் மாயம் இல்லை. அந்தச் செயற்கூறு ஒவ்வொரு முறையும் வெளியீட்டு ஓடைக்குரிய பூட்டை எடுத்து விடுகிறது. தனித்தனியே ஓடும் இழைகளை அது ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நடக்க வைத்துவிடுகிறது. வாலடைல் வேறு வேலைக்கானது. இழைகளுக்கு இடையே ஒழுங்கைத் தருவதாக அது எந்த உறுதியும் தருவதில்லை. போட்ட இடங்களிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் படிப்பவர் அது ஏதோ காவல் செய்கிறது என்று நம்பிவிடுவார்.

சுட்டிப்பையன்

எனக்கு இவ்வளவு ஆழம் தெரியாது. எனினும் செண்ட், ரிசீவ், குளோஸ் ஆகிய மூன்றையும் ஒரே மியூட்டெக்ஸுக்குள் (ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் விடும் பூட்டு) அடைத்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடாதா? எங்கள் கல்லூரித் திட்டப்பணியில் அப்படித்தான் தப்பித்தோம்.

கிடங்குக்காவலன்

இழைநூற்பவர் ஐயாவுக்கு நன்றி. முடிவு எண் 141 என்றே வந்தது. சிக்பைப்பைப் புறக்கணிக்கச் சொல்லிவிட்டேன், செண்டின் விடையையும் இப்போது பார்க்கிறேன். முகவரி விஷயத்திலும் நீங்கள் ஊகித்ததே உண்மை: மெயினில் இருந்த ஒரே மாறியின் முகவரியைத்தான் எல்லா இழைகளுக்கும் கொடுத்திருந்தேன். இப்போது ஒவ்வோர் இணைப்புக்கும் மாலாக் மூலம் நினைவகத்தில் தனி ஸ்ட்ரக்ட் ஒதுக்கி அதைக் கொடுக்கிறேன். மின்சாரம் வந்த உடனே தோன்றிய குழப்பம் அதோடு நின்றுவிட்டது.

ஆனால் பிந்தி வரும் குழப்பம் அப்படியே இருக்கிறது. பதிவுக் கோப்புகளை ஒப்பிட்டபோது ஒன்று கண்ணில் பட்டது. மின்சாரம் வந்த நேரத்திலிருந்து எண்ணினால் கணக்கு ஒழுங்காக வரவில்லை. மின்சாரம் போன நேரத்திலிருந்து எண்ணினால், தவறான இடத்துக்குச் செய்தி போவது ஒவ்வொரு முறையும் 15 முதல் 18 நிமிடங்களுக்குள் நடக்கிறது. இதற்கு ஏதாவது பொருள் உண்டா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படிக்கும் இழை, அனுப்பும் இழை இரண்டுமே பிழை கண்டால் சாக்கெட்டை (நிரலின் பக்கத்து இணைப்பு முனை) குளோஸ் செய்துவிட்டு முடிந்துபோகும்படி எழுதியிருக்கிறேன். இரண்டாவது குளோஸ் வெறுமனே பிழை எண்ணைத் தந்துவிட்டுப் போகும், அதனால் கேடு இல்லை என்று எண்ணியிருந்தேன்.

சுட்டிப்பையன் சொன்னபடி செண்டையும் குளோஸையும் ஒரே பூட்டுக்குள் வைத்துப் பார்த்தேன். மாற்றமில்லை. ரிசீவை வைக்க முடியாது, ஒரு கருவி பேசாமல் இருந்தாலே எல்லாரும் காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

கர்னல்வாசி

அந்தப் பதினைந்து நிமிடத்தை நீங்கள் கவனித்திராவிட்டால் இன்னும் ஒரு மாதம் தேடியிருப்பீர்கள்.

மின்சாரம் போன கருவி விடைபெற்றுக்கொண்டு போவதில்லை, இணைப்பை முடிக்கும் செய்தி எதுவும் அதனிடமிருந்து வராது. மீண்டும் வரும்போது சிம் வழியாக வேறு முகவரியில், புதிய இணைப்பாக வருகிறது. பழைய இணைப்பு சர்வரின் பார்வையில் உயிரோடுதான் இருக்கிறது. உங்கள் ‘இருக்கிறாயா’ செய்திக்கு ஒப்புகை வராததால் கர்னல் அதையே திரும்பத் திரும்ப, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே அனுப்புகிறது. லினக்ஸில் இதற்கான முயற்சி எண்ணிக்கை இயல்பாக 15. கணக்குப்படி அது குறைந்தது 924.6 விநாடி, அதாவது 15 நிமிடத்துக்குச் சற்று மேல். அதன் பிறகே கர்னல் கைவிட்டு, காலம் கடந்தது என்ற பிழையோடு ரிசீவில் உறங்கும் இழையை எழுப்புகிறது. மின்சாரம் போன நேரத்திலிருந்து எண்ணினால் கணக்கு ஒத்துப்போவது இதனால்தான்.

இனி அந்த நொடியில் நடப்பதைப் பார்ப்போம். 12ஆம் கருவியின் பழைய இணைப்புக்கு ஃபைல் டிஸ்கிரிப்டர் எண் (திறந்த இணைப்புக்குக் கர்னல் தரும் அடையாள எண்) 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் இழை பிழையைக் கண்டு 17ஐ மூடிவிட்டது. அனுப்பும் இழையோ வரிசையில் அடுத்த செய்தி வரும்வரை, 10 விநாடி வரையிலும், ஒன்றும் அறியாமல் உறங்குகிறது. இடையில் ஓர் அலுவலகத் திரை இணைகிறது. புதிதாகத் திறக்கும் எதற்கும், அந்நேரத்தில் பயன்பாட்டில் இல்லாத எண்களில் மிகச் சிறியதைத் தர வேண்டும் என்பது போசிக்ஸ் என்னும் யூனிக்ஸ் தரநிலையின் விதி. ஆகவே பெரும்பாலும் அதே 17 திரைக்குப் போகிறது. இப்போது அனுப்பும் இழை விழித்து, தன்னிடம் உள்ள 17இல் 12ஆம் கருவிக்குரிய கட்டளையை எழுதுகிறது. கர்னலைப் பொறுத்தவரை அதில் பிழையே இல்லை, செண்டும் வெற்றி என்றே விடை தருகிறது. திரைக்குப் பதில் 31ஆம் கருவி அந்நேரத்தில் மீண்டும் இணைந்திருந்தால் கட்டளை அங்கே போயிருக்கும். ஒரே வாடகை வீட்டில் ஆள் மாறிவிட்டார், தபால்காரர் மட்டும் பழைய பெயருக்கு வந்த கடிதத்தை அதே கதவு எண்ணில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

‘இரண்டாவது குளோஸால் கேடு இல்லை’ என்ற உங்கள் எண்ணம் ஒற்றை இழை நிரலில் பெரும்பாலும் சரி. அங்கே இரண்டாவது குளோஸ் ஈபேட்எஃப் என்ற பிழையோடு திரும்பும். பல இழைகள் இருக்கும் இடத்தில், இரண்டு குளோஸ்களுக்கு நடுவில் அந்த எண் யாருக்குப் போயிருந்தாலும் இரண்டாவது குளோஸ் அவருடைய இணைப்பை அறுத்துவிடும். சம்பந்தமில்லாத திரை காரணமின்றித் துண்டிக்கப்பட்டதாகப் புகார் வந்ததுண்டா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

மியூட்டெக்ஸ் ஏன் உதவவில்லை என்பதும் இதிலேயே தெரியும். பூட்டு ஒவ்வோர் அழைப்பையும் தனித்தனியாகக் காக்கிறது. மூடுதல் ஒழுங்காக முடிந்து பூட்டு திறந்தது, அக்செப்ட் ஒழுங்காக நடந்தது, பிறகு செண்டும் ஒழுங்காகப் பூட்டைப் பிடித்துக்கொண்டே தவறான இடத்துக்கு அனுப்பியது. சுட்டிப்பையனுக்கும் இதையே சொல்வேன். இங்கே இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் ஒன்றைத் தொடுவது சிக்கலில்லை. இந்த இணைப்பை மூடும் உரிமை யாருக்கு என்பது முடிவாகாமல் இருப்பதே சிக்கல்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நிரூபித்துக்கொள்ளுங்கள். 40 கருவிகளும் வேண்டாம், மின்வெட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். சிறிய சோதனை நிரல் ஒன்று எழுதுங்கள். அது முதலில் கருவியாக இணையட்டும். பிறகு சாக்கெட்டின் லிங்கர் அமைப்பை இயக்கி, நேரத்தைப் பூஜ்யமாக வைத்துக் குளோஸ் செய்யட்டும். அப்படி மூடினால் வழக்கமான விடைபெறுதலுக்குப் பதில் ரீசெட் போகும், உங்கள் படிக்கும் இழை உடனே பிழை கண்டு மூடிவிடும். அடுத்த நொடியே திரையாக இணைந்து, எதுவும் கேட்காமல் 15 விநாடி சும்மா இருக்கட்டும். கருவிக்குரிய ‘இருக்கிறாயா’ திரைக்கு வந்து சேரும். உங்கள் மேசைமேல் வழு வராததற்குக் காரணம் கருவிகள் குறைவு என்பதன்று என நினைக்கிறேன். அங்கே திரைகளே இல்லை, மூடிய எண்ணை எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை.

அந்தச் சோதனையை, கர்னலுக்குப் போகும் அழைப்புகளைக் காட்டும் எஸ்டிரேஸின் கீழ் ஓட்டுங்கள். இழைகளையும் பின்தொடரும் தேர்வைக் கொடுத்து, அக்செப்ட், குளோஸ், செண்ட்டூ ஆகியவற்றை மட்டும் காட்டச் சொல்லுங்கள். 64 பிட் இன்டெல் கணினிகளில் செண்ட் என்று எழுதியது அங்கே செண்ட்டூ என்றே தெரியும், திகைக்க வேண்டாம். ஓர் இழை 17ஐ மூடுவது, மெயின் 17ஐப் பெறுவது, மூன்றாவது இழை 17இல் எழுதுவது என மூன்று வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். பிறகு நிரலை, இழைகளுக்கு இடையிலான போட்டியைக் கண்டுபிடிக்கும் திரெட் சானிட்டைசரோடு கம்பைல் செய்யுங்கள். ஜிசிசி கம்பைலரில் அது 4.8ஆம் பதிப்பு முதலே இருக்கிறது. லிங்க் செய்யும்போதும் அந்தத் தேர்வைக் கொடுக்க வேண்டும். வேகம் 5 முதல் 15 மடங்கு வரை குறையும், நினைவகமும் பல மடங்கு கூடும். ஆனால் அது நினைவகப் போட்டியோடு நிற்காமல், ஃபைல் டிஸ்கிரிப்டரை ஓர் இழை மூட இன்னோர் இழை பயன்படுத்துவதையும் பிடித்து, அந்த எண் எந்த வரியில் பிறந்தது என்பதுவரை காட்டும்.

திருத்தத்துக்கு வருகிறேன். மூடும் உரிமையைப் படிக்கும் இழைக்கு மட்டும் கொடுங்கள். அனுப்பும் இழை பிழை கண்டால் குளோஸ் அழைக்கக் கூடாது, ஷட்டவுனை இரு திசைக்கும் அழைத்துவிட்டு வெளியேற வேண்டும். ஷட்டவுன் இணைப்பை முடிக்குமே தவிர எண்ணைத் திருப்பிக் கொடுக்காது, ரிசீவில் உறங்கும் இழையையும் அது எழுப்பிவிடும். லினக்ஸில் இன்னோர் இழை குளோஸ் செய்வதால் ரிசீவ் விழிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. படிக்கும் இழை விழித்ததும் முதலில் கருவியை அட்டவணையிலிருந்து நீக்க வேண்டும், அதன்பின் புதிய கட்டளை எதுவும் வரிசைக்கு வராது. அடுத்து முடிவுக் கொடியை ஏற்றி அனுப்பும் இழையை எழுப்பி, ஜாயின் செய்து, அது முழுவதும் முடிந்ததை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகே குளோஸ், கடைசியாக ஸ்ட்ரக்டின் நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீ. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கிடங்குக்காவலன்

சோதனை நிரலை எழுதி ஓட்டினேன். முதல் ஓட்டத்திலேயே திரைக்குக் கருவியின் செய்தி வந்தது. மூன்று வாரம் பிடிபடாத வழு, கேட்டவுடன் வந்து நின்றதைப் பார்த்தபோது கோபம் வந்ததா மகிழ்ச்சி வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. எஸ்டிரேஸில் அந்த மூன்று வரிகள் எண் 9க்கு வந்தன, மற்றபடி சொன்னபடியே. திரெட் சானிட்டைசரும் அதே இடத்தைக் காட்டியது. அலுவலகத்திலும் கேட்டேன். திரைகள் ‘அடிக்கடி வெளுத்துப்போகும், மறுபடி வந்துவிடும், அதனால் சொல்லவில்லை’ என்றார்கள்.

திருத்தத்தைச் செய்துவிட்டேன், தவறான இடத்துக்குச் செய்தி போவது நின்றது. ஆனால் சோதனை நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டதில், காலையில் சர்வர் உறைந்து கிடந்தது. பிராசஸ் இருக்கிறது, சிபியு பூஜ்யம், புதிய கட்டளை எதுவும் போகவில்லை. ஜிடிபியை ஓடும் பிராசஸோடு இணைத்து, எல்லா இழைகளின் அழைப்பு அடுக்கையும் எடுத்தேன். பங்கிடும் இழையும் ஒரு கருவியின் அனுப்பும் இழையும் மியூட்டெக்ஸ் பூட்டும் செயற்கூறில் நிற்கின்றன. அதே கருவியின் படிக்கும் இழையும் கருவியை அட்டவணையிலிருந்து நீக்கும் இடத்திலேயே நிற்கிறது.

இழைநூற்பவர்

ஜிடிபியை மூடாமல் இருந்தால் இப்போதே பாருங்கள். அந்த இரண்டு இழைகளும் காத்திருக்கும் மியூட்டெக்ஸ்களை அச்சிட்டால், ஜிலிப்சி என்னும் சி நூலகத்தில் அவற்றுக்குள் ஓனர் என்ற புலம் தெரியும். பூட்டை இப்போது வைத்திருக்கும் இழையின் கர்னல் எண் அதில் இருக்கும், ஜிடிபியின் இழைப் பட்டியலில் எல்டபிள்யூபி என்று காட்டப்படும் எண்ணும் அதுவே. இரண்டையும் ஒப்பிட்டால் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

என் ஊகம்: பங்கிடும் இழை அட்டவணைப் பூட்டைப் பிடித்துக்கொண்டு வரிசைப் பூட்டைக் கேட்கிறது. அனுப்பும் இழை வரிசைப் பூட்டைப் பிடித்துக்கொண்டே செண்ட் அழைத்து, பிழை வந்ததும் அட்டவணைப் பூட்டைக் கேட்கிறது. பிழை வந்தால் தன்னை அட்டவணையிலிருந்து நீக்கிக்கொள்ளும் பழைய வரிகள் அதில் மிச்சமிருக்க வேண்டும். அந்த வரிகளை எடுத்துவிடுங்கள், நீக்கும் வேலை இப்போது படிக்கும் இழையுடையது. அதோடு, வரிசையிலிருந்து செய்தியை எடுத்ததும் பூட்டைத் திறந்துவிட்டு, அதன் பிறகே செண்ட் அழையுங்கள். மறுமுனை வாங்காமல் அனுப்பும் இடையகம் நிரம்பிவிட்டால் செண்ட் எவ்வளவு நேரமும் நிற்கலாம், அதுவரை அந்தப் பூட்டுக்கு வெளியே மற்றவர்கள் நிற்க வேண்டியதில்லை.

பூட்டுகளை எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பதை ஹெடர் கோப்பில் ஒரு குறிப்பாகவே எழுதிவையுங்கள். வால்கிரைண்ட் என்னும் சோதனைத் தொகுப்போடு வரும் ஹெல்கிரைண்ட் இத்தகைய வரிசை மீறலை, உறைதல் நிகழாத ஓட்டத்திலும்கூடச் சுட்டிக்காட்டும். மெதுவாக ஓடும், சோதனை நிரலுக்கு அது போதும்.

கிடங்குக்காவலன்

ஓனர் எண்களைப் பார்த்தேன், இரண்டு இழைகளும் ஒன்றன் பூட்டை மற்றொன்று பிடித்திருந்தன. பழைய நான்கு வரிகள் அங்கேயே இருந்தன. எடுத்துவிட்டு, செண்டைப் பூட்டுக்கு வெளியே கொண்டுவந்த பிறகு, சோதனை நிரல் மூன்று இரவுகள் ஓடியும் சர்வர் நிற்கவில்லை. ஹெல்கிரைண்டும் பூட்டு வரிசை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நேற்று கிடங்கில் இரண்டு முறை மின்சாரம் போய்வந்தது. பதிவுக் கோப்பில் பழைய இணைப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டது மட்டுமே இருக்கிறது.

செத்த இணைப்பைக் கண்டறியப் பதினைந்து நிமிடம் மிக அதிகம் என்பதால், ஒப்புகை வராவிட்டால் எவ்வளவு நேரத்தில் இணைப்பைக் கைவிடுவது என்று சொல்லும் டிசிபி யூசர் டைம்அவுட் என்னும் சாக்கெட் அமைப்பையும் சேர்த்தேன். ஒரு நிமிடம் போதும் என்று 60 எனக் கொடுத்தபோது, சிக்னல் சற்றுக் குறைந்த கருவிகளெல்லாம் மாறிமாறி அறுந்துகொண்டே இருந்தன. நல்லவேளையாக இந்த முறை ஜிடிபிக்குப் போகும் முன் கையேட்டைத் திறந்தேன். அந்த அளவு மில்லிவிநாடியில் கொடுக்கப்பட வேண்டியதாம். இப்போது 60000 என்று இருக்கிறது.